‘பீஸ் அண்ட் க்வையட்’ வேண்டும் என்று விருந்தாளி சொன்னால்

கொடைக்கானலில் லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டே, டாக்ஸி ஸ்டாண்ட் என்று எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே காதில் விழும் ஆங்கிலத் தொடர் ஒன்று உண்டு. ‘வி ஜஸ்ட் வான்ட் சம் பீஸ் அண்ட் க்வையட்’ என்பார் போனில் பேசுபவர். ‘அமைதியான இடம் கேட்கிறார்’ என்று புரிந்துகொண்டு, ‘யெஸ் சார், வெரி பீஸ்ஃபுல் பிளேஸ் சார்’ என்று சொல்லிவிட்டு, ஏரி தெரிகிற அறையைப் பதிவு செய்வார் புதிதாகச் சேர்ந்தவர். ஏரி தெரிகிற அறை ரோட்டைப் பார்த்த அறையும்தான். சனிக்கிழமை ராத்திரி அந்த விருந்தாளி ரிசப்ஷனில் வந்து நிற்பார்.

‘அமைதி’ என்று புரிந்துகொண்டது தப்பில்லை. ஆனால் கேட்டதில் பாதிதான் அதில் வந்திருக்கிறது. மீதியைப் பிடித்துக்கொண்டால் அறை ஒதுக்குவதில் தொடங்கி, ராத்திரிப் புகாருக்குப் பதில் சொல்வது வரை பல வேலைகள் சுலபமாகிவிடும்.

முதலில் பொருள்

‘பீஸ்’ என்றால் சண்டை சச்சரவு, தொந்தரவு, பிடுங்கல் இல்லாத நிலை. ‘க்வையட்’ என்றால் சத்தம் அடங்கிய நிலை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது ‘சத்தமும் வேண்டாம், என்னை யாரும் தொந்தரவும் செய்ய வேண்டாம்’ என்று பொருள். இந்த இரண்டாவது பகுதியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

பின்பக்கத்து அறையைக் கொடுத்தாயிற்று, ரோட்டுச் சத்தம் துளிகூட இல்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு ‘டீ வேணுமா சார்?’ என்று ஒரு தட்டு. எட்டரைக்கு ‘பெட்ஷீட் மாத்தணுமா சார்?’ ஒன்பது மணிக்கு ‘சைட் சீயிங் போறீங்களா சார், வண்டி ரெடியா இருக்கு.’ இங்கே க்வையட் இருக்கிறது, பீஸ் இல்லை. இதையே திருப்பிப் பாருங்கள்: யாருமே கதவைத் தட்டவில்லை, ஆனால் சுவருக்கு அந்தப்புறம் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. பீஸ் இருக்கிறது, க்வையட் இல்லை. விருந்தாளி இரண்டையும் கேட்டிருக்கிறார்.

தமிழில் இதற்கு மிகப் பக்கத்தில் நிற்கும் சொல் ‘அமைதி’யைவிட ‘அக்கடா’தான். ‘ரெண்டு நாள் அக்கடான்னு இருந்துட்டு வரணும்’ என்று நம் வீட்டில் சொல்கிறோமே, அதேதான். கல்யாண வீட்டுக் கூட்டமெல்லாம் ஊருக்குக் கிளம்பிப் போனபிறகு அம்மா கால் நீட்டி உட்கார்ந்து, ‘அப்பாடா, இப்பத்தான் வீடு வீடா இருக்கு’ என்பார். அந்த நேரத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் ‘பீஸ் அண்ட் க்வையட் அட் லாஸ்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தத் தொடருக்குப் பின்னால் எப்போதும் ஒரு சத்தம் இருக்கிறது. எதிலிருந்தோ தப்பித்து வருபவர்தான் இதைச் சொல்வார். கைக்குழந்தையோடு வருகிற தம்பதி, பரீட்சைத் தாள் திருத்த வருகிற ஆசிரியர், ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்த பெரியவர் எல்லோரும் இதே மூன்று சொல்லைத்தான் சொல்வார்கள். ஆசிரியருக்கு மேசையும் நல்ல விளக்கும் வேண்டும், யாரும் கதவைத் தட்டக் கூடாது. தம்பதிக்கு, குழந்தை தூங்குகிற மத்தியானத்தில் பக்கத்து அறையைக் கூட்டித் துடைக்காமல் இருந்தால் போதும். அதனால் போனிலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: ‘வுட் யு லைக் எ ரூம் அவே ஃப்ரம் த ரோட்?’ பதில் சொல்லும்போது அவரே எதிலிருந்து ஓடி வருகிறார் என்பதைச் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. இது முழு நிசப்தத்தைக் கேட்பது இல்லை. தகரக் கூரையில் மழை பெய்வது, பைன் மரங்களில் காற்று இரைவது, விடியலில் குருவிகள் கத்துவது எல்லாம் பீஸ் அண்ட் க்வையட்டுக்குள் அடக்கம். ஜெனரேட்டரும் ஹாரனும் டிவியும் அடுத்த அறைக்காரரின் போன் பேச்சும் அடக்கம் இல்லை. மனிதரும் இயந்திரமும் எழுப்புகிற சத்தம்தான் கணக்கு.

ஏன் ‘க்வையட் அண்ட் பீஸ்’ என்று சொல்லக் கூடாது?

நாம் ‘தோட்டம் துரவு’ என்போம். ‘துரவு தோட்டம்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘நோய் நொடி’ உண்டு, ‘நொடி நோய்’ கிடையாது. தமிழ் இலக்கண வகுப்பில் இணைமொழி என்று படித்தது இதுதான். ஆங்கிலத்திலும் இணைமொழிகள் உண்டு, அவற்றுக்கும் வரிசை உறைந்துபோனது. பீஸ் முன்னால், க்வையட் பின்னால். மாற்றிச் சொன்னால் பொருள் புரியும், ஆனால் கேட்பவர் காதில் ‘சந்தடி சத்தம்’ என்பதுபோல இடறும்.

இனி வாக்கியத்தில் வைப்பது. இந்தத் தொடர் முழுக்கப் பெயர்ச்சொல். இதை உரிச்சொல்போலப் பயன்படுத்துவதுதான் இந்த ஊர் போர்டுகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் அதிகம் பார்க்கிற பிழை: ‘வெரி பீஸ் அண்ட் க்வையட் ரூம்.’ இது தவறு. அறையை வர்ணிக்க வேண்டுமானால் ‘எ க்வையட் ரூம்’ போதும், ‘எ பீஸ்ஃபுல் ரூம்’ என்றும் சொல்லலாம். பெயர்ச்சொல்லாக வைக்க வேண்டுமானால் ‘யு வில் கெட் பீஸ் அண்ட் க்வையட் ஹியர்’ என்று அமைக்க வேண்டும்.

எண்ண முடியாத பெயர் என்பதால் முன்னால் தனி ‘எ’ வராது, பன்மையும் ஆகாது. ‘சம்’, ‘எ பிட் ஆஃப்’, ‘எ லிட்டில்’ ஆகியவை தாராளமாக வரும். குறிப்பிட்ட ஓர் இடத்தின் அமைதியைச் சொன்னால் ‘த’ சேரும்: ‘ஐ லவ் த பீஸ் அண்ட் க்வையட் ஹியர்.’ சேரும் வினைகள் வான்ட், நீட், கெட், ஃபைண்ட், என்ஜாய். ஒரு வேலையை இடையூறில்லாமல் செய்வதைச் சொல்ல ‘இன்’ வரும்: ‘ஐ வான்ட் டு ரீட் இன் பீஸ் அண்ட் க்வையட்.’ இவ்வளவு இலக்கணம் போதும்.

உச்சரிப்பும் எழுத்தும்

இயல்பான பேச்சில் நடுவிலுள்ள ‘அண்ட்’ பாதி விழுங்கப்பட்டு ‘பீஸன் க்வையட்’ என்றுதான் கேட்கும். புதியவர்கள் போனில் இதைத் தவறவிடுவதற்குக் காரணம் அது.

‘க்வையட்’ இரண்டு அசை: க்வை, யட். ஓர் அசையாக ‘க்வைட்’ என்று சொன்னால் ‘மிகவும், ஓரளவு’ என்கிற வேறு சொல். ‘க்விட்’ என்றால் வேலையை விட்டுவிடுவது. எழுத்துக் கூட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். அமைதிக்கு க்யூ, யூ, ஐ, ஈ, டி. கடைசி இரண்டு எழுத்து இடம் மாறி டி, ஈ என்று வந்துவிட்டால் ‘க்வைட்’ ஆகிவிடும். ‘வி ஹேவ் எ க்வைட் ரூம்’ என்று உறுதிச் செய்தி அனுப்பினால், ‘ரொம்ப... என்ன அறை?’ என்று படிப்பவர் நின்றுவிடுவார். போனின் தானியங்கித் திருத்தம் இதைப் பிழையாகக் காட்டாமலே போகலாம், இரண்டும் சரியான சொற்கள்தானே. க்வையட், க்விட் இரண்டும் ஓய்வைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை என்பதை நினைவில் வைத்தால் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது புரியும்.

‘பீஸ்’ பக்கமும் ஒரு குழி இருக்கிறது. அமைதிக்கு பி, ஈ, ஏ, சி, ஈ. பிரியாணியில் கேட்கிற லெக் பீஸுக்கு பி, ஐ, ஈ, சி, ஈ. உச்சரிப்பு ஒன்றே, எழுத்துதான் வேறு. மூன்றாவது ஒன்றும் உண்டு: மலைத் தோட்டத்தில் விளைகிற பச்சைப் பட்டாணியும் ‘பீஸ்’தான், ஆனால் அதன் கடைசி ஒலி தேனீ ரீங்காரம்போலத் தொண்டை அதிர வரும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். அமைதியின் கடைசி ஒலியில் விரலுக்கு அதிர்வு தெரியக் கூடாது.

ஒரே தொடர், மூன்று தொனி

அறை பதிவு செய்யும்போது சொன்னால் அது விருப்பம். கிளம்பும்போது ‘தேங்க்ஸ் ஃபார் த பீஸ் அண்ட் க்வையட்’ என்றால் பாராட்டு. இந்த இரண்டிலும் குழப்பம் இல்லை. மூன்றாவதுதான் புதியவர்களைக் கவிழ்த்துவிடுகிறது.

ராத்திரி பதினொன்றேகால். ரிசப்ஷன் போன் அடிக்கிறது. எட்டாம் எண் அறையிலிருந்து ஒரு பெண் குரல், கத்தலே இல்லாமல் பேசுகிறது: ‘குட் வி ஹேவ் சம் பீஸ் அண்ட் க்வையட், ப்ளீஸ்?’ வாக்கியத்தின் வடிவம் கேள்வி. கடைசியில் ‘ப்ளீஸ்’ வேறு இருக்கிறது. ஆனால் இது கண்டிப்பான புகார். ‘இவ்வளவு நேரம் பொறுத்தேன், இனி பொறுக்க மாட்டேன்’ என்பது இதன் உள்ளர்த்தம். ‘யெஸ் மேடம்’ என்று மட்டும் சொல்லி போனை வைத்தால் அவர் அடுத்த நிமிடம் முதலாளியின் எண்ணைக் கேட்பார்.

சொல்ல வேண்டியது: ‘ஐ ஆம் வெரி சாரி, மேடம். ஐ வில் ஸ்பீக் டு தெம் ரைட் அவே.’ வருத்தம், உடனே செய்யப்போகிற வேலை, இவ்வளவே. காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். ‘பர்த்டே பார்ட்டி மேடம், யங்ஸ்டர்ஸ் மேடம்’ என்பது அவருக்குத் தேவையில்லாத தகவல்.

பிறகு நேரில் போங்கள். சத்தம் போடுகிற அறைக்கு போன் செய்தால் பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. கதவைத் தட்டி, ‘சாரி டு டிஸ்டர்ப் யு. இட் இஸ் பாஸ்ட் டென். குட் யு ப்ளீஸ் கீப் த நாய்ஸ் டவுன்?’ எந்த அறையிலிருந்து புகார் வந்தது என்று சொல்லவே சொல்லாதீர்கள்; மறுநாள் காலை டிபன் மேசையில் இரண்டு குடும்பமும் முகம் பார்க்க வேண்டும். ‘கீப் க்வையட்’ என்ற சொற்கள் வாயில் வரக் கூடாது. நாம் பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்த தொடர் அது, டீச்சர் பிள்ளைகளிடம் சொல்வது. பணம் கொடுத்துத் தங்குபவரிடம் சொன்னால் அதட்டலாகத்தான் விழும்.

பத்து நிமிடம் கழித்து எட்டாம் அறைக்கு போன் செய்து ‘இப்ப ஓகேவா மேடம்?’ என்று கேட்கும் ஆர்வம் வரும். வேண்டாம். அவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். வராந்தாவில் அந்த அறைக்கு வெளியே ஒரு நிமிடம் நின்று காது கொடுத்துக் கேளுங்கள்.

‘பத்து மணி’ என்று சொல்வதற்குச் சட்டத்தின் பலமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே 50, 40. திறந்தவெளியில் இரவு ஸ்பீக்கர் வைக்கக் கூடாது. கேம்ப் ஃபயர் ஏற்பாடு செய்து தருகிற காட்டேஜ்களில் வேலை பார்ப்பவர்கள் இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

கேம்ப் ஃபயர் பாட்டு எதிர்மேட்டு வீட்டுக்குக்கூடக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் தரை சூடாக இருக்கும். ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று முதலில் குளிரும், பள்ளங்களில் தேங்கும். அதற்கு மேலே உள்ள காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து தரையோடு தரையாக வெகுதூரம் போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு யாருக்கும் உறுத்தாத அதே ஒலி அளவு, ஒன்பது மணிக்குப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்பது இதனால்தான். இருட்ட ஆரம்பித்ததும் ஸ்பீக்கரின் ஒலியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

வாக்குக் கொடுக்கும் முன்

1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டியபோது மதுரைப் பக்கத்து வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பித்து மேலே வந்தார்கள். இன்று வருபவர்கள் வெயிலோடு சத்தத்துக்கும் தப்பித்து வருகிறார்கள். ஏப்ரல், மே சீசனிலும் தொடர் விடுமுறையிலும் ஏரியைச் சுற்றி அந்த அமைதி கிடைக்காது. 2024 மே 7 முதல் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும் என்றாகியிருக்கிறது, ஆனாலும் சீசன் சனி ஞாயிறு சீசன் சனி ஞாயிறுதான். அதனால் ‘பீஸ் அண்ட் க்வையட் கேரண்டீட்’ என்று எழுதாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள்: ‘இட் கேன் கெட் நாய்ஸி ஆன் வீக்எண்ட்ஸ், பட் த ரூம்ஸ் அட் த பேக் ஆர் க்வையட்.’ இப்படிச் சொன்னவர்மேல் யாரும் கோபப்படுவதில்லை.

சொல்வதற்கு முன் அந்தப் பின்பக்கத்து அறையில் நீங்களே போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், ராத்திரி ஒரு தடவை, விடிகாலை ஒரு தடவை. சமையல்கட்டு எக்ஸாஸ்ட் ஃபேன், ஜெனரேட்டர், மேல்தளத்து மரப்பலகைத் தரை, காலை ஐந்தரைக்குப் பால் கேன் இறக்குகிற இடம் இவையெல்லாம் பகலில் தெரியாது. பழைய பங்களாக்களில் மேல்மாடியில் ஒருவர் நடந்தால் கீழே படுத்திருப்பவருக்குத் தலைக்குமேல் நடப்பதுபோல இருக்கும். அங்கே ‘பீஸ் அண்ட் க்வையட்’ கேட்டவருக்கு மேல்மாடியைத்தான் கொடுக்க வேண்டும்.

வெளியே எங்கே போகலாம் என்று கேட்டால் இடத்தைவிட நேரத்தைச் சொல்லுங்கள். ஏரியைச் சுற்றிய ஐந்து கிலோமீட்டர் சாலையே வார நாளில் காலை ஆறரைக்கு வேறு ஊர்போல இருக்கும். கோக்கர்ஸ் வாக்கும் காலையில்தான். தூரம் போக முடிந்தவர்களுக்குப் பூம்பாறை, மன்னவனூர் பக்கம். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பதை முன்னாடியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அமைதி தேடிப் போனவர் செக்போஸ்டில் வாக்குவாதம் செய்துகொண்டு நிற்பார்.

டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு ஒன்று. ‘நோ ஹார்ன், ப்ளீஸ். வி வான்ட் பீஸ் அண்ட் க்வையட்’ என்று விருந்தாளி சொல்வதுண்டு. நேர் ரோட்டில் அவர் சொல்வது நியாயம், அப்படியே செய்யுங்கள். ஆனால் வத்தலக்குண்டு சாலையில் எதிரே வருவது தெரியாத வளைவில் ஹாரன் பாதுகாப்புக்கானது. ‘ஓன்லி அட் பிளைண்ட் கர்வ்ஸ், சார், ஃபார் சேஃப்டி’ என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு சின்ன ஹாரன் அடியுங்கள். அவர் மனம் கோணுமே என்று ஹாரனை விட்டுவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுத் தொடர்கள்

‘பீஸ் ஆஃப் மைண்ட்’ வேறு. அது மன நிம்மதி, கடன் அடைந்தால், பிள்ளைக்கு வேலை கிடைத்தால் வருவது. கதவைச் சாத்திக் கொடுக்க முடிகிற பொருள் இல்லை. ‘பின் டிராப் சைலன்ஸ்’ ஹாலில் எல்லோரும் மூச்சை அடக்கி இருக்கிற நிமிடத்துக்கு. அறையை வர்ணிக்க ஆகாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வெறிச்சோடிய ரோட்டைப் பார்த்து விருந்தாளி ‘த காம் பிஃபோர் த ஸ்டார்ம்’ என்றால் அது பாராட்டு இல்லை. புயலுக்கு முந்தைய அமைதி, சாயங்காலம் கூட்டம் வந்து குவியப்போகிறது என்கிறார்.

மறந்தும் சொல்லக் கூடாதது ‘ரெஸ்ட் இன் பீஸ்’. களைத்து வந்தவரிடம் அன்பாக ‘ரெஸ்ட் இன் பீஸ், சார்’ என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கல்லறையில் எழுதுவது. ‘ஹேவ் எ குட் ரெஸ்ட், சார்’ என்று சொல்லுங்கள்.

பழகுவதற்கு

கூட வேலை செய்யும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் விருந்தாளி, ஒருவர் ரிசப்ஷன். விருந்தாளி முதலில் விருப்பமாக, அடுத்து ராத்திரிப் புகாராக, கடைசியில் பாராட்டாகச் சொல்ல வேண்டும். வார்த்தை மாறாமல் தொனி மட்டும் மாற வேண்டும். மற்றவர் எது எது என்று கண்டுபிடித்துப் பதில் சொல்ல வேண்டும். இதை போனில் பதிவு செய்து கேட்டால் ‘க்வையட்’ இரண்டு அசையாக வருகிறதா என்பதும் தெரிந்துவிடும். தினம் பத்து நிமிடம், ஒரு வாரம் செய்தால் வாயில் படிந்துவிடும்.

கிளம்புகிற விருந்தாளி ‘வி ரியலி என்ஜாய்ட் த பீஸ் அண்ட் க்வையட்’ என்று சொன்னால் ‘யு ஆர் வெல்கம், மேடம். ஐ ஆம் கிளாட் யு காட் சம் ரெஸ்ட்’ என்று பதில் சொல்லிவிட்டு, ரெஜிஸ்டரில் அவர் பெயருக்கு எதிரே அறை எண்ணையும் ‘கதவு தட்ட வேண்டாம், டீ பிளாஸ்க்கில் வெளியே வைக்கவும்’ என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அவர் போன் செய்யும்போது ரிசப்ஷனில் வேறொரு தம்பி இருப்பார்.